பாலினம் என்றால் பசும்பால் இல்லையாம்

கடிதம் வந்தபோது மில்லில் மிளகாய் ஓடிக்கொண்டிருந்தது. மிளகாய் ஓடும்போது நான் எதையும் படிக்க மாட்டேன். கண்ணைத் துடைக்கவே கை போதாது. மோட்டாரை நிறுத்தி, கையைக் கழுவி, ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து எழுத்துக் கூட்டினேன். ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். அதனால் என்ன? எழுத்துக் கூட்டத் தெரிந்தவளால் படிக்க முடியாத கடிதம் இல்லை. கொஞ்சம் நேரம் ஆகும், அவ்வளவுதான்.

‘இளம் தொழில்முனைவர் தலைமைத்துவத்தில் பாலினச் சமத்துவம். ஒரு நாள் பயிற்சி. இடம்: பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்.’

‘இளம்’ என்பதற்கு முதலில் விளக்கம் சொல்லிவிடுகிறேன். கிள்ளானில் எங்கள் தெரு வியாபாரிகள் மன்றத்தில் நாற்பது வயது வரைக்கும்தான் இருக்கலாம். என் ஐசி அடையாள அட்டையில் முப்பத்தெட்டு. தோட்டத்துக் கணக்கர், கிராணி என்போம், என் பிறப்பைப் பதிந்தது, நான் நடக்கப் பழகி, ஓடப் பழகி, அவர் வீட்டுக் கொய்யா மரத்தில் ஏறிக் கீழே விழுந்ததற்கும் பிறகு. அரசாங்கமே என்னை இளையவள் என்று அட்டை போட்டுக் கொடுத்திருக்கும்போது நான் எதற்கு மறுக்க வேண்டும்?

இன்னொரு சொல்தான் இடித்தது. பாலினம். பால் தெரியும், இனம் தெரியும், இரண்டும் ஒட்டிக்கொண்டு நின்றால் என்ன என்று தெரியவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அந்தச் சொல் அப்போதுதான் எங்கள் பக்கம் வந்து இறங்கியிருந்தது.

அந்த நேரம் பார்த்துப் பால்கார தம்பி வேனை நிறுத்தினார். கிள்ளானுக்கு வெளியே பதினொரு மாடும் இரண்டு எருமையும் வைத்திருந்தவர். முப்பது வயது இருக்கும். அவரும் மன்றத்து ஆள்தான்.

“அக்கா, ஒங்களுக்கும் கடுதாசி வந்துச்சா?”

“வந்துச்சு தம்பி.”

“பாத்தீங்களா, கடைசியில நம்ம பாலுக்கும் ஒரு கூட்டம் போட்டுட்டாங்க. பால் இனத்துக்குச் சமத்துவமாம். எருமப் பாலுக்கும் பசும்பாலுக்கும் ஒரே வெல வைக்கப் போறாங்க. விடமாட்டேன் லா. எரும எம்புட்டுத் தீனி திங்குதுன்னு இவங்களுக்குத் தெரியுமா?”

“அப்ப மொளகா மில்லுக்கு எதுக்கு எழுதியிருக்காங்க?”

“தலைமைத்துவம்னு போட்டிருக்கே. நீங்க தலைமை. நான் பாலு.”

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் செம்பனை எண்ணெய் லோரி ஓட்டுபவர். சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். “சமம்னா, தண்ணி ஊத்துறவனுக்கும் ஊத்தாதவனுக்கும் ஒரே வெலயா?” அதையும் பயிற்சியில் கேட்க வேண்டும் என்று மனத்தில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் மன்றத்துச் செயலாளர் போன் செய்தார். என் மில்லிலிருந்து இரண்டு கடை தள்ளித் துணிக்கடை வைத்திருந்தார். நல்ல பேச்சு, நல்ல சட்டை, எந்நேரமும் சென்ட் வாசனை.

“அக்கா, ஞாயித்துக்கெழம டிரெய்னிங் தெரியுமில்ல? ஆம்பளயும் பொம்பளயும் சமம்னு சொல்லித் தர்றாங்க. ரொம்ப முக்கியம். லேடீஸ் மட்டும் அர மணி நேரம் முன்னாடியே வந்துடுங்க.”

“எதுக்குத் தம்பி?”

“வாசல்ல பன்னீர் தெளிக்கணும், சந்தனம் குடுக்கணும். லேடீஸ் நின்னாத்தான் மங்களகரமா இருக்கும்.”

போனை வைத்துவிட்டு நான் கொஞ்ச நேரம் மோட்டாரைப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். சிரிப்பு அடங்க வேண்டும் அல்லவா? ஆணும் பெண்ணும் சமம் என்று கற்றுக்கொள்ள வரும் ஆண்களுக்கு, பெண்கள் முன்னாடியே போய்ப் பன்னீர் தெளிக்க வேண்டுமாம்.

அப்போதுதான் இன்னொன்றும் தோன்றியது. பால்கார தம்பிக்கு இதைச் சொல்ல வேண்டாம்.

ஏன் என்று சொல்கிறேன். அந்த மாதம் மில்லுக்கே ஆபத்து வந்திருந்தது. மிளகாய்த் தூசு பறக்கிறது, சத்தம் தாங்க முடியவில்லை என்று யாரோ புகார் கொடுத்து, மில்லை ஷா ஆலம் பக்கத்துத் தொழிற்பேட்டைக்கு மாற்றும்படி நகராண்மைக் கழகத்திலிருந்து எனக்கு ஓலை வந்திருந்தது. யாரோ என்ன யாரோ. துணிக்கடைச் சேலையெல்லாம் தும்முகிறது என்று அந்தச் செயலாளர் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். ஷா ஆலம் தொழிற்பேட்டையில் ரோடு உண்டு, கார் உண்டு, கண்டெய்னர் உண்டு. பந்திங்கிலிருந்து பிஸ்கட் டின்னில் மல்லியும் மிளகாயும் எடுத்துக்கொண்டு வரும் பெண்களுக்கு அங்கே பஸ் ஏது? மில் அங்கே போனால் மில் போனதுதான்.

நகராண்மைக் கழகத்தில் போய்ப் பேச மன்றம் மூன்று பேரை அனுப்புவதாக ஏற்பாடு. அந்த மூவரைத் தேர்ந்தெடுப்பது பயிற்சி முடிந்த கையோடு, அதே மண்டபத்தில். நகைக்கடை வைத்திருந்த தலைவர் ஒருவர், செயலாளர் ஒருவர், மூன்றாவது அச்சுக்கடைக்காரர் என்று தெருவில் பேச்சு. மில்லைப் பற்றிப் பேசப் போகும் மூவரில் மில்லுக்காரி இல்லை. மூன்றாவது இடத்துக்கு என் பெயரைச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். பால்கார தம்பி சொல்வதாக ஒத்துக்கொண்டிருந்தார். பால் சமாச்சாரம் இல்லை என்று தெரிந்தால், ஞாயிற்றுக்கிழமை மாட்டை விட்டுவிட்டு அவர் எதற்குப் பிரிக்பீல்ட்ஸ் வருவார்? அதனால்தான் வாயை மூடிக்கொண்டேன். வேடிக்கை பார்க்கும் ஆசையும் இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வேனிலேயே போனோம். பால் கேன்களை எடுத்துவிட்டார், வாசனை மட்டும் உட்கார்ந்திருந்தது. வழி நெடுக எருமைக்காக வாதாடிப் பழகிக்கொண்டே வந்தார். “கெட்டி எது, தண்ணி எது? தயிர் எதுல நல்லா வரும்? இதக் கேட்டா என்னா பதில் சொல்லுவாங்க, சொல்லுங்கக்கா.” நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

மண்டப வாசலில் மேசை போட்டு, வெள்ளிப் பன்னீர்ச் செம்பு, சந்தனக் கிண்ணம், கற்கண்டு எல்லாம் தயார். மன்றத்தில் மொத்தமே மூன்று பெண்கள். மற்ற இருவரும் வரவில்லை. பன்னீர் தெளிக்கச் சொன்னதால்தான் வரவில்லை என்று பிறகு சொன்னார்கள். செயலாளர் செம்பை என் கையில் கொடுத்தார். நான் இரண்டு பேருக்குத் தெளித்தேன். மூன்றாவது ஆள் படியேறும்போது, செயலாளரிடம், “தம்பி, இத ஒரு நிமிசம் புடிங்க. பொடவ மடிப்பு அவுந்துருச்சு,” என்றேன்.

பிடித்தார்.

நான் உள்ளே போய் முதல் வரிசையில் உட்கார்ந்து மடிப்பைச் சரிசெய்துகொண்டேன். அதைச் சரிசெய்து முடிப்பதற்குள் கூட்டமே வந்து சேர்ந்துவிட்டது. வருகிறவர் முன்னால் செம்பைக் கீழே வைக்க முடியுமா? பாவம், தெளித்துக்கொண்டே நின்றார். சென்ட் வாசனையோடு பன்னீரும் சேர்ந்துகொண்டது.

அந்த நேரத்தில்தான் பயிற்சி கொடுக்கும் பெண் வந்தாள். சுபாங் ஜெயாவிலிருந்து, முழுக்கால் சட்டை போட்டுக்கொண்டு, கண்ணாடியும் கையில் ஒரு பெரிய பையுமாக. வாசலில் நின்றவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“சார், நீங்கதான் செக்ரட்டரியா? ஆண் ஒருத்தர் பன்னீர் தெளிச்சு வரவேற்கிறத நான் எங்கேயுமே பாத்ததில்ல! வெரி குட் எக்ஸாம்பிள்! ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?”

செயலாளரின் கண் உள்ளே என்னைத் தேடியது. நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

“நாங்க எப்பவுமே இப்பிடித்தான் மேடம்,” என்றார் செயலாளர். போட்டோ எடுத்தார்கள். செம்பைச் சற்று உயர்த்திப் பிடிக்கச் சொன்னாள். பிடித்தார்.

பயிற்சி தொடங்கியது. விளக்குப் போட்ட ஒரு பெட்டியின் மேல் கண்ணாடித் தாளை வைத்தால் சுவரில் எழுத்து விழுந்தது. அந்தப் பெண்ணின் தமிழ் பாதி இங்கிலீஷ், ஆனால் குரலில் தடுமாற்றம் இல்லை. முதல் கேள்வியே அதுதான்.

“பாலினம்னா என்ன? யாராவது சொல்றீங்களா?”

பால்கார தம்பியின் கை ஆகாயத்துக்குப் போனது. நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

“மேடம், பசும்பாலு, எருமப்பாலு, ஆட்டுப்பாலு. மூணு இனம். டின் பால நான் கணக்குல சேக்கிறதில்ல.”

மண்டபம் இடிந்து விழுந்தது போல ஒரு சிரிப்பு. அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை, அவர் தமாஷ் பண்ணுகிறார் என்று நினைத்தாள். அவர் விடவில்லை. எழுந்து நின்று, எருமைப் பால் கெட்டி, பசும்பாலோடு ஒரே விலையில் அடக்க முடியாது, சமத்துவம் பேசுகிறவர்கள் முதலில் ஒரு நாள் எருமைக்குத் தீனி வாங்கிப் போட்டுப் பார்க்கட்டும் என்று முழுப் பேச்சையும் பேசி முடித்தார். அதற்கப்புறம்தான் அவள் மெதுவாக, “சார், இது அந்தப் பால் இல்ல. ஆண்பால், பெண்பால்,” என்றாள்.

அவர் உட்கார்ந்தார். காது சிவந்திருந்தது. என் பக்கம் திரும்பினார்.

“அக்கா, ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை. “தெரியும்.”

“ஏன் சொல்லல?”

“நீங்க கேக்கலயே தம்பி.”

அந்தப் பதிலை இன்றைக்கு நினைத்தாலும் என் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. அவர் எழுந்து போய்க் கடைசி வரிசையில், அச்சுக்கடைக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தார். என் சிரிப்பு அதோடு போயிற்று. மில்லைப் பற்றிப் பேச இருந்த ஒரே வாயை நானே தைத்துவிட்டேன்.

முற்பகல் முழுக்க அந்தப் பெண் என்னவெல்லாமோ சொன்னாள். தலைமை என்றால் நாற்காலி இல்லை, முடிவு எடுப்பது என்றாள். யாருடைய பிழைப்பைத் தொடும் முடிவோ, அவர் அந்த மேசையில் இருக்க வேண்டும் என்றாள். நல்ல பேச்சுதான். என் காது பாதியும் கடைசி வரிசையிலேயே இருந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு இலை போட்டார்கள். வழக்கம்போல யாரோ, “அக்கா, கொஞ்சம் பரிமாறுறீங்களா?” என்றார்கள். அந்தப் பெண் கேட்டுவிட்டாள். “நோ, நோ. இன்னிக்கு ஆண்கள் பரிமாறுவாங்க. செக்ரட்டரி சார் காலையிலேயே வழி காட்டிட்டாரே!” செயலாளர் சாம்பார் வாளியைத் தூக்கினார். வேறு வழி? தொட்டியில் கொட்டுவது போல ஊற்றிக்கொண்டு போனார், இலையெல்லாம் குளம். பால்கார தம்பி கையில் தயிர் வாளி. வரிசையாக வந்தவர் என் இலைக்கு முன்னால் நின்றார்.

“வேணுமா?”

“வேணும் தம்பி.” நான் லேசில் மன்னிப்புக் கேட்கிறவள் இல்லை. என் வீட்டுக்காரரைக் கேட்டுப் பாருங்கள். “தப்பு என்னுதுதான். சொல்லியிருக்கணும். சொன்னா நீங்க வரமாட்டீங்களோன்னு பயந்துட்டேன்.”

“நான் வரேன்னு வாக்குக் குடுத்தனா இல்லயா?”

“குடுத்தீங்க.”

“பாலு இல்லன்னாலும் வந்திருப்பேன் லா. ஒங்களுக்கு என்னய அவ்ளோதான் தெரியுது.” ஒரு கரண்டி தயிரை விட்டார். அடுத்த இலைக்குப் போனவர் திரும்பி, “இது மாட்டுத் தயிர்கூட இல்ல, டப்பா தயிரு,” என்று சொல்லிவிட்டுப் போனார். கோபம் போயிற்றா, இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

பிற்பகலில் ஆளுக்கு ஒரு தாளைக் கொடுத்து, உங்கள் தொழிலில் ஒரு நாளில் நடக்கும் வேலைகளையும் அதைச் செய்வது யார் என்பதையும் எழுதி, எழுந்து வாசிக்கச் சொன்னாள். நான் சுருக்கமாக எழுதினேன். பெரிய எழுத்தில் எல்லாவற்றுக்கும் எதிரே ‘நான்’. மூட்டை தூக்க மட்டும் ‘லோரிக்காரர், லீவு நாளில்’. துணிக்கடையின் முறை வந்தபோது, சேலை தேர்ந்தெடுப்பது மனைவி, வாடிக்கைக்காரிகளோடு பேசுவது மனைவி என்று எழுதிவிட்டு, செயலாளர் அதைக் கையால் மறைத்தபடி படித்தார். பிறகு பால்கார தம்பி முறை. எழுந்து நின்றார். காலையில் சிரித்த அதே கூட்டம் காத்திருந்தது.

“பால் கறக்கிறது என் வீட்டுக்காரி. மாட்டக் கழுவுறது வீட்டுக்காரி. கண்ணு போட்டா பாத்துக்கிறது வீட்டுக்காரி. வேன் ஓட்டுறது நானு.”

“அப்ப உங்க தொழிலுக்கு முதலாளி யாரு சார்?”

தன் தாளை மறுபடியும் மேலிருந்து கீழே பார்த்தார்.

“மாடுதான் மேடம்.”

மறுபடியும் சிரிப்பு. இந்தத் தடவை அவரும் சேர்ந்து சிரித்தார். அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் திரும்பிப் பார்த்தேன், அவரும் பார்த்தார். பிறகு தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அப்புறம் தேர்வு. தலைவர் எழுந்து மூன்று பெயர் என்றார். தன் பெயர், செயலாளர் பெயர், அச்சுக்கடைக்காரர் பெயர். “எல்லாருக்கும் சம்மதம்தானே?” என்று கை தட்டத் தயாரானார். பயிற்சிக்கார பெண் தன் கண்ணாடித் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். நானே எழுந்து என் பெயரைச் சொல்லியிருக்கலாம். ஆனால், கேட்டு வாங்கிய இடம் என்று நாளைக்குத் தெருவில் சொல்வார்களே என்று என் உடம்பு நாற்காலியோடு ஒட்டிக்கொண்டது. அந்தத் திமிரால் மில் போகப்போகிறது என்று தெரிந்தும் எழ முடியவில்லை.

“எனக்கு ஒரு சந்தேகம்,” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. பால்காரரேதான்.

“மறுபடியும் எருமயா?” என்றார் யாரோ.

“எரும இல்ல அண்ணே, மில்லு. போவப்போறது மில்லு. அதப் பத்திப் பேசத் துணிக்கட போவுது, நகக்கட போவுது, அச்சுக்கட போவுது. மில்லு எங்க?”

செயலாளர் சிரித்த முகமாக எழுந்தார். “நியாயமான கேள்வி. அக்காவ நாம ஆலோசகரா வச்சுக்கலாம். ரொம்ப மரியாதையான பதவி.”

“ஆலோசகர் அங்க வந்து பேசலாமா?”

“வர வேண்டிய அவசியமில்ல. இங்க இருந்தே ஆலோசன சொல்லலாம்.”

“மேடம்,” பால்காரர் அந்தப் பெண்ணைப் பார்த்தார், “முடிவு யாரு பொழப்பத் தொடுதோ அவங்க மேசையில இருக்கணும்னு சொன்னீங்க. அதக் கிள்ளானுக்கும் சேத்துத்தானே சொன்னீங்க?”

அந்தப் பெண் தாள் அடுக்குவதை நிறுத்தினாள். செயலாளரை மட்டும் பார்த்தாள், காலையில் போட்டோ எடுத்த அதே ஆசையோடு. அவருக்கு மேல் உதடு வியர்த்தது. எக்ஸாம்பிள் என்று ஒருவரை ஒரு நாள் முழுக்கச் சொல்லிவிட்டால் அவர் பாடு திண்டாட்டம்தான்.

“நானே சொல்லலாம்னுதான் இருந்தேன்,” என்றார் கடைசியில். “மூணாவது எடத்துக்கு அக்கா.” அச்சுக்கடைக்காரர் எல்லாருக்கும் முன்னால் கை தூக்கினார். அவருக்கு அன்றைக்கு நகராண்மைக் கழகம் போக இஷ்டமே இல்லை என்று பிறகு தெரிந்தது.

திரும்பும்போது வேனில் பால்கார தம்பி ஒரே ஒரு நிபந்தனை போட்டார். காலையில் மூன்று இனம் சொன்னதை நான் தெருவில் யாரிடமும் வாய் திறந்து சொல்லக் கூடாது. இன்றுவரை வாய் திறந்து சொன்னதில்லை. எழுதக் கூடாது என்று அவர் சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்து நகராண்மைக் கழகத்து அலுவலகத்தில் உட்கார்ந்தோம். அதிகாரி ஒரு மலாய்க்காரர், அமைதியான மனிதர். செயலாளர் அழகான மலாயில் தூசியைப் பற்றிப் பேசினார். மன்றத்தின் நிலைப்பாடு, தெருவின் தோற்றம், எதிர்காலம் என்றெல்லாம் போனது. தலைவர் தலையாட்டினார். என்னிடம் இருப்பது சந்தையில் பேசும் பாசார் மலாய். அது போதும்.

நான் அதிகாரியைப் பார்த்துப் பேசவில்லை. செயலாளரைப் பார்த்து, அதிகாரிக்கும் புரியட்டும் என்று மலாயிலேயே கேட்டேன். உங்கள் அம்மா மாதம் இரண்டு தடவை மல்லி டின்னோடு என் மில்லுக்கு வருகிறார். நடந்து வருகிறார். மில் ஷா ஆலம் போனால் அவர் எந்த பஸ்ஸில் வருவார்?

அவர் தலைவரைப் பார்த்தார்.

பஸ் இல்லை என்றால் யார் காரில் கொண்டு போவார்கள்? உங்கள் மனைவிக்கு ஓட்டத் தெரியாது. அப்படியென்றால் நீங்கள். மாதம் இரண்டு தடவை. தீபாவளி மாதம் நான்கு தடவை. வரிசையில் ஒன்றரை மணி நேரம். கடையை யார் பார்ப்பார்கள்?

அதிகாரி பேனாவை வைத்துவிட்டுச் செயலாளரின் பதிலுக்காகக் காத்திருந்தார். பிறகு என்னிடம் எத்தனை பேர் ஒரு நாளைக்கு வருகிறார்கள், எப்படி வருகிறார்கள் என்று கேட்டார். சொன்னேன். கார் வைத்திருப்பவர்கள் எத்தனை பேர் என்றார். அதற்கு விரல் விட்டே எண்ணிக் காட்டினேன், ஒரு கை போதுமாக இருந்தது. தூசிக்கு என்ன செய்வாய் என்றார். மாவு விழும் வாய்க்குத் துணி உறை தைத்துக் கட்டுகிறேன், மிளகாயைத் துணிக்கடை திறப்பதற்கு முன்னால் அரைத்து முடித்துவிடுகிறேன் என்றேன். உறைக்குத் துணியும் தெருவிலேயே கிடைக்கும் என்று செயலாளர் பக்கம் கையைக் காட்டினேன். அதிகாரி மீசைக்குள் சிரித்தார்.

“போலே லா,” என்றார், ஆகட்டும் என்று. மூன்று மாதம் பார்க்கலாம் என்று எழுதிக் கொடுத்தார். மூன்று மாதம் பார்த்தார்கள். பிறகு பார்க்க வரவில்லை.

தீபாவளிக்கு முந்தின வாரம் என் மில் வாசலில் வரிசை துணிக்கடை வரைக்கும் நீண்டது. வரிசையில் நின்ற பெண்கள் அப்படியே உள்ளே புகுந்து சேலை பார்த்ததில், செயலாளருக்குத் தூசிப் புகார் மறந்துபோயிருந்தது. அவர் அம்மாவுக்குக் காலில் வீக்கம். அதனால் மகனே டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தார், சென்ட் வாசனையோடு. பெண்களெல்லாம் வழி விடுவார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, நேரே என்னிடம் வந்து டின்னை வைத்தார்.

நான் மூடியைத் திறந்து ஒரு பிடி மல்லியை எடுத்து உள்ளங்கையில் தேய்த்தேன். ஒட்டியது.

“சரியா வறுக்கல தம்பி. இந்த ஈரம் மிசின்ல ஒட்டிக்கும். வீட்டுக்குக் கொண்டு போயி வறுத்துட்டு, வந்து வரிசையில நில்லுங்க.”

“அக்கா,” என்றார் குரலைத் தாழ்த்தி, “நான் மன்றத்துச் செயலாளர்.”

“அது மல்லிக்குத் தெரியுமா தம்பி?” என்றேன்.